மினியேச்சர் மாடல்களை நிஜக் காட்சி போலப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் என் வீட்டு மொட்டைமாடியில், ஒரு பழைய மேசையின் மேல் எடுத்த படம் ஒன்று கூடத்துச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. தொப்பூர் கணவாய்ச் சாலையோரம், புளியமரத்தடியில் ஒரு லாரி நிற்கிறது. அந்த லாரி என் உள்ளங்கையில் அடங்கும் என்று சொன்னதும், வீட்டுக்கு வருகிறவர்கள் கேள்விகளை அடுக்கத் தொடங்குவார்கள். வேறு வேறு ஆட்களிடமிருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைக் குறித்துவைத்து, என் அனுபவத்தில் கண்ட பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பொம்மைக் காரைப் படம் எடுக்கிறதுல என்னங்க இருக்கு?

பொம்மையைப் படமெடுப்பது வேறு, பொம்மையை வைத்து ஓர் ஊரைப் படமெடுப்பது வேறு. இரண்டாவதில் பார்வையாளர் காண்பது காரை அல்ல. அந்தக் கார் நிற்கும் காலை நேரத்தையும், சாலையின் புழுதியையும், தூரத்து மலையையும் அவர் காண்கிறார். அமெரிக்காவைச் சேர்ந்த மைக்கேல் பால் ஸ்மித் என்பவர் ‘எல்ஜின் பார்க்’ என்று கற்பனையாகப் பெயரிட்ட ஒரு சிற்றூரை 1:24 அளவு மாடல்களைக் கொண்டு படங்களிலேயே உருவாக்கிக் காட்டினார். மேசையைத் தெருவுக்கு எடுத்துச் சென்று, உண்மையான மரங்களையும் வானத்தையும் பின்னணியாக்கி எடுப்பதுதான் அவருடைய முறை. அவர் 2018இல் மறைந்தார். நான் கற்றதில் பெரும்பகுதி அவருடைய படங்களை உற்றுப் பார்த்துக் கற்றதே.

1:64, 1:43ன்னு அட்டையில போட்டிருக்கே, அதுல எதை வாங்கறது?

1:64 என்றால் உண்மைப் பொருளின் நீளத்தை 64ஆல் வகுத்தால் மாடலின் நீளம் கிடைக்கும் என்று பொருள். ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசிடர் கார், 1:43 அளவில் 10 சென்டிமீட்டராகவும், 1:64 அளவில் 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். பெரிய மாடலைப் படமெடுப்பது எளிது. சிறியது மலிவு, எங்கும் கிடைக்கும். பெரும்பாலோர் கையில் இருப்பது 1:64 என்பதால், இந்தப் பக்கத்தில் உள்ள கணக்குகளை எல்லாம் அந்த அளவுக்கே போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஹாட் வீல்ஸ் போன்ற சிறு உலோகக் கார்களைப் பொதுவாக 1:64 என்று சொன்னாலும், எல்லா வண்டியும் ஒரே அளவு அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பேருந்தும் லாரியும் காரைவிட அதிகமாகச் சுருக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட லாரியையும் காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். வாங்கும் முன் கதவின் உயரத்தை அளந்து, 64ஆல் பெருக்கிப் பாருங்கள்.

என் போன்லயே எடுக்க முடியுமா, இல்ல பெரிய கேமரா வாங்கணுமா?

போனே போதும், சில விதங்களில் அதுவே மேலானது. காரணத்தை மங்கல் பற்றிய கேள்வியில் விளக்கியிருக்கிறேன். இப்போதைக்கு மூன்று பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிடுங்கள். மாடலுக்கு மிக அருகில் போனால் பல போன்கள் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறி, வண்டியின் முகப்பை வீங்கவைத்துவிடும் என்பதால், 20 சென்டிமீட்டராவது தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பழக்கம்தான் முக்கியமானது: போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். போனின் லென்ஸ் மேல் மூலையில் இருப்பதால், நேராகப் பிடித்தால் அது மேசையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும். தலைகீழாக வைத்தால் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும்.

அவ்வளவு கீழ வைக்கணுமா? எவ்வளவு உயரம்னு கணக்கு இருக்கா?

இருக்கிறது. இந்தக் கலையில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: காட்சியில் இருக்கும் பொருள்கள் மட்டுமல்ல, காட்சியைப் பார்க்கிறவரும் அதே அளவுக்குச் சுருங்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் மனிதரின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை 64ஆல் வகுத்தால் 2.5 சென்டிமீட்டர். லென்ஸின் நடுப்பகுதி மேசையிலிருந்து அந்த உயரத்தில் இருந்தால், பார்க்கிறவர் அந்தச் சாலையோரத்தில் தானே நிற்பதாக உணர்வார். 1:43 என்றால் 3.7 சென்டிமீட்டர், 1:24 என்றால் 6.7 சென்டிமீட்டர்.

நாம் பொம்மையை எப்போதும் மேலிருந்து பார்த்தே பழகியவர்கள். ஆகவே ஒரு சாண் உயரத்திலிருந்து எடுத்த படம், மாடல் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், பொம்மையையே நினைவூட்டும். மாடல் உலகத்து மனிதருக்கு அது மூன்று நான்கு மாடிக் கட்டடத்திலிருந்து எட்டிப் பார்ப்பது போன்றது. மாடி வீட்டிலிருந்து தெருவைப் பார்க்கும் காட்சியே வேண்டும் என்றால் அந்த உயரத்தையும் வகுத்துக் கணக்கிட்டு வையுங்கள், கணக்கில்லாமல் வைக்காதீர்கள்.

பின்னாடி மங்கலா இருந்தாத்தானே போட்டோ அழகா இருக்கும்?

ஆள் முகத்தைப் படமெடுக்கும்போது அது சரி. இங்கே அதுவே பகை. உண்மையான தெருவைப் படமெடுத்து, மேலும் கீழும் மங்கலாக்கி, பொம்மை ஊர் போலக் காட்டும் டில்ட்-ஷிஃப்ட் என்னும் உத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மங்கல் இருந்தால் பொருள் சிறியது, அருகில் இருக்கிறது என்று மனம் முடிவு செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நாம் அந்த உத்தியை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம்.

மங்கலுக்குக் காரணம் ஒளி நுழையும் துளையின் அகலம். 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2இல் (எஃப் எண் கூடக் கூடத் துளை சுருங்கும்) வைத்தால் அந்தத் துளை 25 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. 1:64 உலகத்து மனிதருக்கு அது 1.6 மீட்டர் அகலமுள்ள கண். அவர் உயரத்துக்கே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பார்ப்பது போன்றது. பகலில் நம் கண்பாவை சில மில்லிமீட்டர் மட்டுமே. போன் லென்ஸின் துளை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் என்பதால், அதே உலகில் அது 20 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. அதே 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 16க்குச் சுருக்கினால்தான் பெரிய கேமரா அந்த நிலைக்கு வந்து சேரும். போன் சில விதங்களில் மேல் என்று முன்பே சொன்னதன் காரணம் இதுதான்.

அப்ப எஃப் 22 வெச்சுட்டா வேலை முடிஞ்சுதா?

முடியாது. துளை மிகச் சிறிதானால் ஒளி அதன் ஓரத்தில் வளைந்து பரவும் விளிம்பு விளைவு தலைகாட்டி, படம் முழுவதும் சற்றே மழுங்கிவிடும். கிட்டத்திலிருந்து எடுக்கும்போது இது இன்னும் கூடுதலாகத் தெரியும். எஃப் 11 முதல் 16 வரை நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

அதற்கும் மேல் கூர்மை வேண்டும் என்றால், கேமராவை அசையாமல் நிறுத்தி, குவியத்தை மட்டும் முன்னிருந்து பின்னாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றின் கூர்மையான பகுதியையும் மென்பொருளால் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இதை ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்பார்கள். எட்டுப் படங்கள் எனக்குப் பெரும்பாலும் போதும். இடையில் காற்றடித்து மாடல் மரம் அசைந்தால் அத்தனையும் வீண். ஆடிக் காற்றில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

லைட் எத்தனை வேணும்? ஸ்டுடியோ லைட் வாங்கலாமா?

ஒரே விளக்கு போதும். அதுவும் வானத்தில் இலவசமாக இருக்கிறது. சூரியனை நான் வலியுறுத்துவது சிக்கனத்துக்காக அல்ல. வெயிலில் விழும் நிழலின் ஓரம் சற்றே மங்கலாக இருக்கும். அந்த மங்கலின் அகலம், நிழல் விழும் தூரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. உண்மையான புளியமரத்தின் 5 மீட்டர் உயரக் கிளை தரையில் சுமார் 5 சென்டிமீட்டர் மங்கலை உண்டாக்கினால், 8 சென்டிமீட்டர் உயர மாடல் கிளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மங்கலை உண்டாக்கும். அதை 64ஆல் பெருக்கினால் மறுபடியும் அதே 5 சென்டிமீட்டர்! மாடலுக்கு ஏற்பத் தானாகவே அளவு சுருங்கிக்கொள்ளும் ஒரே விளக்கு சூரியன்தான்.

மேசை விளக்கு அப்படியல்ல. 50 சென்டிமீட்டர் தூரத்தில் அதை வைத்தால், முன்னால் இருக்கும் வண்டிக்குக் கிடைக்கும் ஒளியில் பாதிகூட, 25 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் வண்டிக்குக் கிடைக்காது. நிழல்களும் ஒன்றுக்கொன்று விலகி விசிறிபோல் விரியும். வெயிலில் நிற்கும் இரண்டு கம்பங்களின் நிழல்கள் அப்படி விரிந்து நாம் பார்த்ததே இல்லை. அறைக்குள் எடுத்தே ஆக வேண்டும் என்றால் விளக்கை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள். இரண்டாவது விளக்குக்குப் பதிலாக ஒரு வெள்ளை அட்டையைப் பயன்படுத்துங்கள்.

எந்த நேரத்துல எடுக்கலாம்?

காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நான்கரைக்கு மேல். நடுப்பகலில் நிழல் வண்டிக்கு அடியில் ஒளிந்துகொள்வதால், வண்டி தரையில் நிற்பதாகவே தெரியாது.

பின்னாடி மலை தெரியுதே, அது ஒட்டின படமா?

இல்லை, உண்மையான மலை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு இது ஒரு பெரிய கொடுப்பினை. எந்த மொட்டைமாடியில் ஏறினாலும் ஏதாவது ஒரு குன்று கண்ணில் படும்; ராயக்கோட்டைப் பக்கம் போனால் கோட்டை மலையே பின்னணியாக நிற்கும். தூரத்து மலை வெளிறி நீலம் பாய்ந்து தெரிவதை எந்த ஓவியத் திரையாலும் அத்தனை இயல்பாகத் தர முடியாது. மாடலும் மலையும் ஒரே வெயிலில் நனைவதால் நிறப் பொருத்தமும் தானாக வந்துவிடும்.

மேசையின் விளிம்பும் பின்னணியும் சந்திக்கும் இடத்தைத்தான் கவனித்து அமைக்க வேண்டும். 90 சென்டிமீட்டர் உயர மேசையைச் சமதரையில் போட்டு, லென்ஸை மேலே சொன்ன 2.5 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, அதிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி மேசையின் விளிம்பு முடிகிறது என்று கொள்ளுங்கள். அந்த விளிம்புக்கு மேலே கண்ணுக்குப் படும் உண்மையான தரை சுமார் 22 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும்; இடையில் கிடப்பதெல்லாம் மறைந்துவிடும். மாடல் உலகில் அந்த 60 சென்டிமீட்டர் என்பது 38 மீட்டர் ஆகையால், இரண்டு தூரங்களும் கண் உறுத்தாத அளவுக்கு ஒத்துப்போகின்றன. ஆகவே மேசைக்குப் பின்னால் கொஞ்சம் வெட்டவெளி இருக்க வேண்டும். ஏரிக்கரையோ அறுவடை முடிந்த வயலோ மிகப் பொருத்தம். இணைப்புக் கோட்டை மறைக்க ஒரு வேலியோ புதர் வரிசையோ வைத்தால் போதும். மொட்டைமாடியில் எடுக்கும்போது கைப்பிடிச் சுவரையே சாலையோர மதிலாக்கிவிடாதீர்கள்; அதன் சொரசொரப்பு அளவைக் காட்டிக்கொடுக்கும். மேசையைச் சுவரைவிடச் சற்று உயர்த்திவிடுங்கள்.

ரோடும் மண்ணும் எப்படிச் செஞ்சீங்க?

சாலை, மெல்லிய கருநிற உப்புத்தாள். அதை அப்படியே வைத்தால் புதிதாகத் தார் ஊற்றியது போல் இருக்கும்; வெயில் தின்ற சாலை கறுப்பாக இருப்பதில்லை, சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். ஆகவே சாம்பலும் செம்மண் தூளும் கலந்து துணியால் தேய்த்துவிட வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர் என்பதால், நமக்கு அது ஐந்தரை சென்டிமீட்டர். பலர் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, விமான ஓடுதளம் போல ஆக்கிவிடுகிறார்கள்.

மண்ணுக்கு நம் ஊர்ச் செம்மண்ணே போதும், ஆனால் சலிக்காமல் போடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் மணல் பருக்கை, மாடல் உலகில் 6 சென்டிமீட்டர் கூழாங்கல். டீ வடிகட்டியில் முதல் முறையும், மெல்லிய வேட்டித் துணியில் இரண்டாம் முறையும் சலித்து, மாவுபோல் விழுவதை மட்டும் தூவுங்கள்.

கிருஷ்ணகிரியில கிரானைட் துண்டு சும்மா கிடைக்குதே, அதைப் பாறையா வைக்கலாமா?

இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் எனக்குள் கேட்டு, ஒரு மூட்டைக் கல்லைச் சுமந்து வந்திருக்கிறேன். கிரானைட்டின் படிகங்கள் சில மில்லிமீட்டர் அளவுக்குப் பளிச்செனத் தெரிவதால், மேலே மணலுக்குச் சொன்ன கணக்குப்படி ஒவ்வொரு படிகமும் ஓர் அரிசிமூட்டையின் தடிமனுக்குத் தெரியும். உண்மையான குன்றின் கல்லே போலிக் குன்றாகத் தோன்றும். விறகடுப்பில் எஞ்சிய கரித்துண்டு பிளவுபடும் விதம் பாறையின் பிளவுகளோடு வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கும். அதன்மேல் சாம்பல் நிறமும் செம்மண் நிறமும் பூசினால் நம் பக்கத்துக் குன்றுகளின் சாயல் வந்துவிடும்.

மரம் மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது.

தண்டையும் கிளையையும் செய்ய முயலாதீர்கள், தேடி எடுங்கள். காய்ந்த துளசிச் செடியின் அடித்தண்டும், பிடுங்கி உலர்த்திய புதர்ச் செடிகளின் வேர்களைத் தலைகீழாகத் திருப்பியதும் நல்ல மரங்கள். இலைகளுக்கு, பஞ்சு போன்ற ஸ்பாஞ்சை மிக்சியில் அரைத்து, இரண்டு மூன்று பச்சைகளில் நனைத்து உலர்த்தி, பசை தடவிய கிளையில் தூவலாம். உண்மையான இலையை, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வைக்க வேண்டாம். புளியமரத்தின் தலை குடைபோல் ஒரே திரளாக இருப்பதில்லை. ஊடே வானம் தெரிய வேண்டும். எந்த மரத்தைச் செய்கிறீர்களோ அந்த மரத்தடியில் போய் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து தொடங்குங்கள்.

வண்டி ரொம்பப் பளபளன்னு இருக்கு, என்ன செய்ய?

மேட் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு. அதற்குமேல், முன் சொன்ன சலித்த மண்ணைக் காய்ந்த தூரிகையால் சக்கரத்திலிருந்து மேல்நோக்கித் தடவுங்கள். உண்மையான வண்டியில் புழுதி கீழே கூடுதலாகவும் மேலே குறைவாகவும்தான் இருக்கும். கண்ணாடிகளில் மட்டும் பளபளப்பை விட்டுவையுங்கள்.

மனுச பொம்மை வைக்கலாமா?

வைக்கலாம், குறைவாக. நடப்பது போன்ற பொம்மை படத்தில் உறைந்துபோனதாகத் தெரியும். நிற்பதும் குந்தியிருப்பதும் பொருந்தும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மேல்நாட்டு உடையில் இருப்பதால், டிஷ்யூ தாளைப் பசையில் நனைத்து வேட்டியும் புடவையும் நானே சுற்றிவிடுகிறேன். நிற்கும் பொம்மையின் கண், படத்தில் தொடுவானக் கோட்டோடு ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். சமதரையில் அப்படி வந்தால் உங்கள் லென்ஸ் உயரம் சரி.

ஒகேனக்கல் மாதிரி அருவி வெச்சு எடுக்க முடியுமா?

உண்மையான தண்ணீரைக் கொண்டு முடியாது. தண்ணீர் தன் அளவை மாற்றிக்கொள்ளாது. 3 மில்லிமீட்டர் துளி மாடல் உலகில் பூசணிக்காய் அளவு. கரையோரத்தில் அது மேலேறி வளையும் வளைவுகூட ஒரு படிக்கட்டின் உயரத்துக்குத் தெரியும். அருவி விழும்போது நாரும் நுரையுமாகப் பிரிவதற்குப் பதில் கண்ணாடிக் கயிறாக விழும்.

அருவியை விட்டுவிட்டு, பரிசல் துறையின் அசையாத நீரை எடுங்கள். பழுப்பும் பச்சையுமாகத் தீட்டிய பலகைமேல் கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து, அதன் ஓரங்களை மண்ணால் மறைத்தால் போதும். வானம் அதில் பிரதிபலிக்கும்போது, மீதியை அதுவே செய்துவிடும்.

வீடியோ எடுத்தா வண்டி துள்ளித் துள்ளிப் போகுதே?

நேரத்தையும் சுருக்க மறந்துவிட்டோம் என்பதே காரணம். உண்மையான உலகில் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் ஒரு நொடியில் தரையைத் தொடும். அதன் மாடலான 8 சென்டிமீட்டர் வீழ்ச்சி எட்டில் ஒரு நொடியில் முடிந்துவிடும். எவ்வளவு மெதுவாக்க வேண்டும் என்பது அளவு விகிதத்தின் வர்க்கமூலம். 64இன் வர்க்கமூலம் 8. போனின் ஸ்லோமோஷனில் நொடிக்கு 240 சட்டங்கள் (ஃபிரேம்கள்) எடுத்து 30 சட்டங்களாக ஓட்டினால் சரியாக எட்டு மடங்கு மெதுவாகும் என்பது 1:64 வைத்திருப்பவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

அதற்கேற்ப வண்டியை வேகமாகத் தள்ள வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போவதாகத் தெரிய, நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டும். மெல்லிய நூல் கட்டி இழுங்கள். கையால் தள்ளினால் நிழல் விழும்.

ரயில் மாடல்ல தண்டவாளம் ஒடுக்கமா தெரியுதே?

உங்கள் கண் தவறு செய்யவில்லை. கடைகளில் கிடைக்கும் எச்ஓ (1:87 அளவு) தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டர், வெளிநாடுகளின் 1,435 மில்லிமீட்டர் பாதையை 87ஆல் வகுத்து வந்தது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர் ஆகையால் அது 19 மில்லிமீட்டருக்கு மேல் இருந்திருக்க வேண்டும். நேர்முன்னிருந்து எடுக்காமல், தாழ்வாகப் பக்கவாட்டில் இருந்து எடுத்தால் குறை தெரியாது.

தொப்பூர் கணவாய் விபத்து மாதிரி ஒண்ணு எடுத்துப் போட்டா நிறைய பேரு பார்ப்பாங்கல்ல?

பார்ப்பார்கள், நம்பவும் செய்வார்கள்; அதனால்தான் வேண்டாம் என்கிறேன். தேசிய நெடுஞ்சாலை 44இல் அந்த இறக்கத்தில் உண்மையிலேயே பல உயிர்கள் போயிருக்கின்றன. அந்தப் பாதையில் லாரி ஓட்டப் போனவரின் வீட்டார் கைக்கு உங்கள் படம் விளக்கமில்லாமல் வந்து சேர்ந்தால் அவர்கள் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். எந்தப் படமானாலும், மேசையோடும் உங்கள் கையோடும் சேர்த்து எடுத்த இன்னொரு படத்தைக் கூடவே வெளியிடுங்கள். உண்மை தெரிந்த பின் பார்ப்பவர்கள் முதல் படத்தை மறுபடியும், இன்னும் நெடுநேரம் பார்ப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

எல்லாம் சொன்ன மாதிரியே செஞ்சேன், இன்னும் பொம்மையாத்தான் தெரியுது. ஏன்?

படத்தைத் திரையில் திறந்து, வண்டியைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மீதியை மட்டும் பாருங்கள். மீதி உண்மையான இடமாகத் தெரிந்தால் குறை வண்டியில்: பளபளப்பு, சக்கரத்தின் தடிமன், புழுதி. மீதியும் பொம்மையாகத் தெரிந்தால் வண்டியைத் தொடாதீர்கள். முதலில் லென்ஸ் உயரத்தை அளவுகோல் வைத்து அளங்கள். பிறகு மங்கல், பிறகு நிழல், பிறகு மண்ணின் பருக்கை என்ற வரிசையில் போங்கள். என்னிடம் கொண்டுவந்து காட்டப்பட்ட படங்களில் பெரும்பாலானவற்றில் அளவுகோலை வைத்த உடனேயே காரணம் கிடைத்துவிட்டது: இரண்டரை சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய லென்ஸ் ஏழிலோ எட்டிலோ இருந்தது.